எடை மெஷின் சொல்லாத கணக்கு

(குறுவள மையக் கூட்டம் ஒன்றில், ஆசிரியர் உடல்நலம் குறித்த அமர்வில், உயர்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த அமர்வில் என்னைப் பேசச் சொன்னபோது, "நான் கணக்கு டீச்சர்தானே சார், டாக்டர் இல்லையே" என்று தயங்கினேன். நம் ஒருங்கிணைப்பாளர் சொன்ன பதில் என்னை ஒப்புக்கொள்ள வைத்தது. "நம்ம ஒன்றியத்திலேயே சில பேர் இந்த ஆபரேஷனைப் பற்றி யோசிச்சுக்கிட்டு இருக்காங்க, மேடம். வெளியில கேட்கக் கூச்சப்படுறாங்க. நீங்க பட்டதை நீங்களே சொன்னா அவங்களுக்கு உதவியா இருக்கும்" என்றார்.

உடல் பருமனைக் குறைக்கும் அறுவை சிகிச்சையை மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நான் செய்துகொண்டேன். அதைச் செய்துகொள்ளுங்கள் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல நான் வரவில்லை. அது உங்கள் மருத்துவரும் நீங்களும் எடுக்க வேண்டிய முடிவு. அறுவைக்குப் பிறகு எவ்வளவு எடை குறையும் என்று எதிர்பார்க்கலாம், உடற்பயிற்சி எதற்காக, எப்போது, எப்படி என்ற இரண்டு கேள்விகளைப் பற்றி மட்டும் பேசுகிறேன். இந்த இரண்டிலும் நான் தவறு செய்தேன். அந்தத் தவறு எனக்குச் சில மாதங்களையும் கொஞ்சம் உடல்பலத்தையும் செலவு வைத்தது.

நான் போட்ட தப்புக் கணக்கு

அப்போது என் எடை 112 கிலோ. உயரம் 160 சென்டிமீட்டர். சர்க்கரைக்கு இரண்டு மாத்திரை, இரத்த அழுத்தத்துக்கு ஒன்று. இரவில் குறட்டை, பகலில் தூக்கக் கலக்கம். பத்தாம் வகுப்பு எங்கள் பள்ளியில் முதல் மாடியில் இருக்கிறது. மாடி ஏறி வகுப்புக்குள் நுழைந்ததும் மூச்சு வாங்குவதை மறைக்க, "போன கணக்கை ஒரு தடவை பாருங்க" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவேன். மாணவர்களுக்கு அது தெரியும். தெரியாதது போல இருப்பார்கள்.

உடல் நிறை குறியீட்டு எண், அதாவது பி.எம்.ஐ., எப்படிக் கணக்கிடுவது என்று உங்களுக்குத் தெரியும். கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 1.6 இன் வர்க்கம் 2.56. 112ஐ அதால் வகுத்தால் 43.75. அமெரிக்காவில் 1991இல் வகுக்கப்பட்ட விதி, 40க்கு மேல் இருந்தாலோ, சர்க்கரை போன்ற நோய்களோடு 35க்கு மேல் இருந்தாலோ இந்த அறுவையைப் பரிசீலிக்கலாம் என்றது. 2022இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் அந்த எல்லைகளைக் குறைத்தது. ஆசிய மக்களுக்கு 27.5 என்பதையே தொடக்கமாக வைத்தது. குறைந்த பி.எம்.ஐ.யிலேயே நமக்குச் சர்க்கரை நோய் வந்துவிடுவது இதற்கு முக்கியக் காரணம். எந்தக் கணக்கில் பார்த்தாலும் நான் எல்லைக்குள் இருந்தேன்.

ஆபரேஷனுக்கு முன்பு அறுவை மருத்துவர் ஒரு தாளில் எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். அதை இங்கே கரும்பலகையில் எழுதுகிறேன்.

என் உயரத்துக்கு பி.எம்.ஐ. 25 என்றால் எடை 64 கிலோ. 112இலிருந்து 64ஐக் கழித்தால் 48. இதைத்தான் "மிகை எடை" என்கிறார்கள். எனக்குச் செய்யவிருந்த ஸ்லீவ் அறுவையில், ஒன்று இரண்டு ஆண்டுகளில் இந்த மிகை எடையில் சராசரியாக 50 முதல் 60 சதவீதம் குறையும். 48இல் 50 சதவீதம் 24. 60 சதவீதம் 28.8. ஆக நான் வந்து நிற்கக்கூடிய எடை ஏறக்குறைய 83 முதல் 88 கிலோ.

83 கிலோ என்றாலும் என் பி.எம்.ஐ. 32க்கு மேல்தான். அட்டவணைப்படி நான் அப்போதும் "பருமன்" என்ற கட்டத்தில்தான் இருப்பேன். அறுவை நன்றாகப் பலன் தந்தது என்று மருத்துவர்கள் சொல்லும் நிலையே அதுதான்.

அந்தத் தாளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வந்தேன். மனதுக்குள் 60 கிலோ என்று முடிவு செய்துவிட்டேன். என் கல்யாண ஆல்பத்தில் இருக்கும் எடை அது. சராசரி என்றால் என்ன என்று வருடா வருடம் பிள்ளைகளுக்கு நடத்துகிறேன். ஆனாலும், "அது மற்றவர்களுக்கான சராசரி, நான் ஒழுங்காக இருப்பேன், எனக்கு அதிகம் குறையும்" என்று நினைத்தேன். எல்லாத் தவறும் அங்கேதான் தொடங்கியது.

அறுவையில் நடப்பது என்ன?

பரவலாகச் செய்யப்படுபவை இரண்டு. ஸ்லீவ் முறையில் இரைப்பையில் ஏறத்தாழ முக்கால் பங்குக்கு மேல் அகற்றிவிட்டு, மீதியை ஒரு குழாய் போல விடுகிறார்கள். கொள்ளளவு குறைவதோடு, பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெருமளவு சுரக்கும் பகுதியும் போய்விடுகிறது. பைபாஸ் முறையில் இரைப்பையின் மேல்பகுதியில் ஒரு சிறு பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைக்கிறார்கள். இந்த வகை அறுவையை 1966இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்ற மருத்துவர் தொடங்கிவைத்தார். மொத்த உடல் எடையில் ஸ்லீவ் முறையில் சுமார் கால் பங்கும், பைபாஸில் அதைவிடச் சற்று அதிகமாகவும் குறைவது வழக்கம்.

நீண்ட காலத்தில் என்ன ஆகிறது? ஸ்வீடனில் 1987இல் தொடங்கிய ஓர் ஆய்வு இதற்குப் பதில் தருகிறது. அறுவை செய்துகொண்ட சுமார் 2,000 பேரையும், அவர்களை ஒத்த, அறுவை செய்துகொள்ளாத சுமார் 2,000 பேரையும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். அறுவை செய்தவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் சராசரியாக 23 சதவீத எடை குறைந்திருந்தது. பத்தாண்டு முடிவில் அது 16 சதவீதமாக இருந்தது. அறுவை செய்யாதவர்களின் எடையில் பெரிய மாற்றமே இல்லை. அன்று செய்த அறுவை முறைகள் இன்றைய முறைகளிலிருந்து வேறுபட்டவைதான். இருந்தாலும் இரண்டு செய்திகளை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். இறங்கிய எடையில் கொஞ்சம் திரும்பி ஏறுவது இயல்பு. ஏறிய பிறகும், அறுவை செய்தவர்களிடையே இறப்பு விகிதம் குறைவாகவே இருந்தது.

இதை முன்பே மனதில் வாங்கியிருந்தால் ஐந்தாம் மாதத்தில் நான் அப்படி உடைந்துபோயிருக்க மாட்டேன்.

ஐந்தாம் மாதம்

முதல் மாதம் பத்து கிலோ குறைந்தது. மூன்றாம் மாத முடிவில் 17 கிலோ. பள்ளியில் எல்லோரும், "மேடம், ஆளே அடையாளம் தெரியலை" என்றார்கள். தினமும் காலையில் எடை மெஷினில் ஏறி இறங்குவதே எனக்குப் பூஜை போல ஆகிவிட்டது.

ஐந்தாம் மாதம் 91 கிலோவில் நின்றது. ஒரு வாரம், இரண்டு வாரம், ஐந்து வாரம். முள் அசையவில்லை. அதே நேரத்தில் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. உறவில் ஒரு திருமணத்துக்குப் போனால், "இவ்வளவு செலவு பண்ணி இவ்வளவுதானா?" என்று ஒரு பெரியம்மா கேட்டார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சாப்பாட்டை இன்னும் குறைத்தேன். காலையில் இரண்டு பிஸ்கட், மதியம் நாலு கரண்டி ரசம் சாதம். காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் நடை. வயிற்றைப் புரட்டுகிறது என்று சத்து மாத்திரைகளையும் நிறுத்திவிட்டேன்.

அந்த மாதம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். பெற்றோர்கள் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எடை குறைந்த உற்சாகத்தில் நானும் அவர்களோடு தரையில் உட்கார்ந்தேன். கூட்டம் முடிந்தது. எழ முடியவில்லை. ஒரு கையை ஊன்றிப் பார்த்தேன். இரண்டு கைகளையும் ஊன்றிப் பார்த்தேன். தொடை நடுங்கியது. கடைசியில் ஒரு மாணவியின் அம்மா, "பிடிச்சுக்கோங்க டீச்சர்" என்று கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

112 கிலோவில் சுவரைப் பிடித்தாவது எழுந்தவள், 21 கிலோ குறைந்த பிறகு எழ முடியாமல் போனேன். இந்த விடை எனக்குப் புரியவில்லை.

மறுவாரம் மருத்துவமனைக்குப் போனபோது உணவியல் நிபுணரும் இயன்முறை மருத்துவரும் விளக்கினார்கள். உடல் எடை வேகமாகக் குறையும்போது கொழுப்பு மட்டும் குறைவதில்லை. குறையும் எடையில் ஏறத்தாழ கால் பங்கு தசை உள்ளிட்ட கொழுப்பல்லாத பகுதியாக இருக்கலாம். புரதம் போதாமல், தசைக்கு வேலையும் கொடுக்காமல் இருந்தால் அந்த இழப்பு கூடும். இன்னொன்றும் சொன்னார்கள். பருமனானவர்களின் கால்கள் நாள் முழுதும் பெரிய பாரத்தைத் தூக்கிப் பழகியவை. என் விஷயத்தில், கிட்டத்தட்ட ஒரு 25 கிலோ அரிசி மூட்டையைத் தினமும் மாடிக்குச் சுமந்துகொண்டிருந்தேன். மூட்டை இறங்கியதும் கால் தசைக்கு இருந்த வேலையும் போய்விட்டது. அதற்குப் பதிலாக வேறு வேலை நாம்தான் கொடுக்க வேண்டும்.

எடை நின்றுபோனது தோல்வியே இல்லை என்றும் சொன்னார்கள். உடல் சிறியதாக ஆக, அதற்குத் தேவைப்படும் சக்தியும் குறைகிறது. வழியில் இப்படிச் சில வாரங்கள் நிற்பது பெரும்பாலோருக்கும் நடக்கிறது. முடி உதிர்வதும் மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை பலருக்கு வந்து, பிறகு சரியாகிவிடும். நான் அதற்குச் செய்த வைத்தியம்தான் தவறு.

உடற்பயிற்சி எதற்கு?

நானும் எல்லோரையும் போல, நடந்தால் எடை கரையும் என்றே நினைத்திருந்தேன். கணக்கைப் பாருங்கள். 91 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் சற்று வேகமாக நடந்தால் தோராயமாக 150 கிலோ கலோரி செலவாகும். ஒரு கிலோ கொழுப்பில் இருப்பது சுமார் 7,700 கிலோ கலோரி. 7,700ஐ 150ஆல் வகுத்தால் 51. சாப்பாட்டில் எதுவும் மாறாமல், 51 நாள் நடந்தால் ஒரு கிலோ!

முதல் ஆண்டில் எடை குறைவதில் பெரும்பங்கு அறுவைக்கும் உணவுக்கும் உரியது. அப்படியானால் உடற்பயிற்சி வேண்டாமா? மிகவும் வேண்டும். அதன் வேலை வேறு. தசையையும் எலும்பையும் காப்பாற்றுகிறது. தசை சர்க்கரையை இழுத்துக்கொள்ள உதவுகிறது. தூக்கத்தையும் மனதையும் சீராக்குகிறது. இரண்டாம் ஆண்டிலிருந்து, இறங்கிய எடை திரும்ப ஏறாமல் பிடித்து வைக்கிறது. "நடந்தும் குறையவில்லையே" என்று நடையைக் கைவிடுபவர்கள், அது செய்துகொண்டிருந்த மற்ற வேலைகளையும் சேர்த்து இழக்கிறார்கள்.

எப்போது, எப்படி?

எனக்குச் சொல்லப்பட்ட வரிசையைச் சொல்கிறேன். உங்கள் மருத்துவர் உங்கள் நிலைக்கேற்ப இதை மாற்றலாம். அவர் சொல்வதே இறுதி.

அறுவை முடிந்த அன்றோ மறுநாளோ எழுந்து நடக்க வைப்பார்கள். கால் நரம்பில் இரத்தம் உறைந்துவிடாமல் இருக்க இது அவசியம். வீட்டுக்கு வந்த முதல் இரண்டு வாரம், ஒரே மூச்சில் நடக்காமல் ஐந்து, பத்து நிமிடமாக ஒரு நாளில் பல முறை நடந்தேன்.

முதல் நான்கு முதல் ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது. எனக்குச் சொன்ன அளவு ஐந்து கிலோ. தண்ணீர்க் குடம், 20 லிட்டர் கேன், கேஸ் சிலிண்டர் எதையும் தொடக் கூடாது. நம் வேலையில் இன்னொன்று உண்டு: நோட்டுக் கட்டு. நாற்பது நோட்டுகளை அணைத்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்குவது நமக்குப் பழக்கம். அந்த வாரங்களில் அதுவும் கூடாது. வயிற்றை மடக்கி எழும் பயிற்சிகளும் கூடாது.

ஆறு முதல் எட்டு வாரத்துக்குப் பிறகு, மருத்துவர் அனுமதித்தபின், தசைக்கான பயிற்சி. நான் செய்யாமல் விட்டது இதைத்தான். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகுதான் தொடங்கினேன். இதற்கு ஜிம் தேவைப்படவில்லை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. சுவரில் கை வைத்துத் தள்ளுவது. படிக்கட்டின் முதல் படியில் ஏறி இறங்குவது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒரு கிலோ எடை. கைக்கு ஒன்றாகப் பிடித்துத் தூக்குவது. ஒவ்வொன்றும் பத்து முறை, இரண்டு சுற்று. வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், நடுவில் ஒரு நாள் ஓய்வு. எங்கள் உடற்கல்வி ஆசிரியர், "மேடம், எழும்பும்போது மூச்சை அடக்காதீங்க, விடுங்க" என்று சொல்லிக் கொடுத்தது எனக்குப் பெரிதும் உதவியது.

நடையைப் பொறுத்தவரை, உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பெரியவர்களுக்குச் சொல்லியிருப்பது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு. அதோடு வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சி. அந்த 150ஐ எட்ட எனக்கு ஆறு மாதம் ஆனது. வாரத்துக்கு வாரம் ஐந்து பத்து நிமிடம் கூட்டினால் போதும்.

எப்போது நிறுத்த வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நெஞ்சுவலி, திடீர் மூச்சுத் திணறல், ஒரு கெண்டைக்காலில் மட்டும் வலியும் வீக்கமும், காய்ச்சல், படபடப்பு, விடாத வாந்தி: இவற்றில் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு அறுவைக்குப் பின் அளவு மாறும். பழைய அளவிலேயே எடுத்துக்கொண்டு நடந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம்.

மணி அடிக்கும் நேரத்தில் ஒரு சாப்பாடு

பயிற்சி மட்டும் செய்து, புரதம் இல்லையென்றால் பயனில்லை. சிமென்ட் இல்லாமல் கொத்தனாரை வரவழைப்பது போல. ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் என்றார்கள். இரண்டு முட்டையில் சுமார் 12 கிராம். ஒரு டம்ளர் பாலில் 6. நூறு கிராம் மீனில் 20. ஒரு சிறு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 7. ஐம்பது கிராம் பன்னீரில் 9. நூறு கிராம் தயிரில் 3. கூட்டினால் 57. சைவம் சாப்பிடுபவர்கள் பருப்பு, மீல்மேக்கர், பால் பொருட்களில் இன்னும் கவனம் வைக்க வேண்டும். தொடக்க மாதங்களில் இவ்வளவையும் சாப்பிட முடியாது என்பதால் புரோட்டீன் பவுடர் தந்தார்கள். தட்டில் முதலில் முட்டை, மீன், பருப்பு. சோறு கடைசியில், இடமிருந்தால்.

ஒரே நேரத்தில் நிறையச் சாப்பிட முடியாது என்பதால் பள்ளி மணிகளையே என் கடிகாரமாக்கிக்கொண்டேன். காலை இடைவேளைக்கு ஒரு முட்டை. மதியம் சிறு டப்பா. மாலை இடைவேளைக்குச் சுண்டல். சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பதில்லை. அரை மணி நேரம் கழித்து மடக்கு மடக்காகக் குடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறையக் கூடாது. கழிப்பறைக்குப் போக நேரமில்லை என்று நாள் முழுதும் தண்ணீரைத் தவிர்க்கும் பழக்கம் நம் ஆசிரியைகள் பலருக்கு இருக்கிறது. இந்த அறுவைக்குப் பிறகு அந்தப் பழக்கம் ஆபத்து.

இரும்பு, கால்சியம், வைட்டமின் டி, பி12 போன்ற சத்துகளை வாழ்நாள் முழுதும் எடுக்க வேண்டும். குறித்த இடைவெளியில் இரத்தப் பரிசோதனையும் உண்டு. இதற்கு ஒப்புக்கொள்ள முடியாதவர்கள் அறுவைக்கு ஒப்புக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து. அறுவைக்கே உரிய ஆபத்துகளும் இருக்கின்றன: தையல் இடத்தில் கசிவு, இரத்தப்போக்கு, இரத்த உறைவு. ஸ்லீவ் செய்தவர்களுக்கு நெஞ்செரிச்சல் கூடலாம். குழந்தை பெறும் வயதில் இருப்பவர்கள் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். தோல் தொங்கும். இவை எல்லாவற்றையும் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். காப்பீட்டில் எவ்வளவு கிடைக்கும் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஒரே தேர்வை நம்பாதீர்கள்

ஒரு மாணவனை ஆண்டுத் தேர்வு மதிப்பெண்ணை மட்டும் வைத்து நாம் மதிப்பிடுவதில்லை. தொடர்ந்து, பல கோணங்களில் மதிப்பிட வேண்டும் என்று பயிற்சி எடுத்தவர்கள் நாம். என் உடம்புக்கு மட்டும் ஒரே தேர்வு வைத்து, அதையும் தினமும் காலையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு ஒரு பழைய மதிப்பெண் பதிவேட்டை எடுத்தேன். எடையை வாரம் ஒரு முறை மட்டும் எழுதினேன். அதன் பக்கத்தில் இன்னும் நான்கு கட்டம் போட்டேன். மாதம் ஒரு முறை இடுப்புச் சுற்றளவு. முப்பது விநாடியில் கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது. ஆறு நிமிடத்தில் பள்ளி மைதானத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது. எத்தனை மாத்திரை, சர்க்கரை எவ்வளவு. நாற்காலியும் ஆறு நிமிட நடையும் மருத்துவமனைகளிலேயே உடல்திறனை அளக்கப் பயன்படுத்துபவைதான்.

முதல் முறை அளந்தபோது முப்பது விநாடியில் ஐந்து முறை எழுந்தேன். நான்கு மாதம் கழித்துப் பதினான்கு. அந்த நான்கு மாதத்தில் எடை நான்கு கிலோதான் குறைந்திருந்தது. எடை மெஷினை மட்டும் பார்த்திருந்தால் அழுதிருப்பேன். பதிவேட்டைப் பார்த்ததால் அழவில்லை.

பதினைந்தாம் மாதம் 82 கிலோவுக்கு வந்தேன். அதுதான் நான் தொட்ட மிகக் குறைந்த எடை. இன்று 86. நான்கு கிலோ திரும்பி ஏறியிருக்கிறது. மிகை எடையான 48இல் 26 குறைந்திருக்கிறது. நூற்றுக்கு 54. நம் பள்ளிக் கணக்கில் தேர்ச்சி. சர்க்கரை மாத்திரை ஒன்றாகக் குறைந்திருக்கிறது. மாடி ஏறி வகுப்புக்குள் நுழைந்ததும் நேராகக் கரும்பலகைக்குப் போகிறேன். போன மாதம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தரையில் உட்கார்ந்தேன், எழுந்தேன். அன்று எனக்குக் கை கொடுத்த அதே அம்மா பார்த்துச் சிரித்தார். அறுபது கிலோ வரவில்லை. இனி வராது. அந்த ஆல்பத்தை இப்போது வருத்தமில்லாமல் பார்க்க முடிகிறது.

நம் ஓய்வறையிலும் வகுப்பறையிலும்

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளியில் யாராவது இந்தச் சிகிச்சை எடுத்திருந்தால், "எவ்வளவு குறைஞ்சுது?" என்று வாராவாரம் கேட்காதீர்கள். "இன்னும் ரெண்டு வாய் சாப்பிடுங்க" என்று வற்புறுத்தாதீர்கள். அந்த இரண்டு வாய் அவர்களுக்கு வாந்தியாக முடியலாம். "வாங்க, மைதானத்தில ஒரு சுற்று நடப்போம்" என்று கூப்பிடுங்கள். ஐந்தாம் மாதத்தில் எனக்கு அப்படி ஒருவர் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எங்கள் எட்டாம் வகுப்பில் சற்று உடல் பருத்த மாணவன் ஒருவன் இருக்கிறான். ஒரு நாள் அவன் நண்பர்கள், "நீயும் டீச்சர் மாதிரி ஆபரேஷன் பண்ணிக்கோடா" என்று சிரித்தது என் காதில் விழுந்தது. நான் குற்றவாளி போல நின்றேன். என் கதை ஒரு பிள்ளையைக் கேலி செய்யப் பயன்படுகிறது. அன்று வகுப்பில் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் உடற்கல்விப் பாடவேளையில் சாரிடம் கேட்டு, அந்த நாற்காலிப் பயிற்சியை வகுப்பு முழுவதற்கும் வைத்தோம். முப்பது விநாடியில் யார் எத்தனை என்று அல்ல. அவரவர் எண்ணிக்கையை அவரவர் நோட்டில் எழுதி, அடுத்த மாதம் தன்னோடு தானே ஒப்பிட வேண்டும். அந்தப் பையனின் எண்ணிக்கை முதல் மாதம் பதினொன்று, அடுத்த மாதம் பதினாறு. "அஞ்சு கூடியிருக்கு மிஸ்" என்று நோட்டைக் கொண்டுவந்து காட்டினான். அவன் எடையை நாங்கள் யாரும் கேட்கவில்லை.

பருமன் என்பது சோம்பலுக்குக் கிடைத்த தண்டனை இல்லை. பரம்பரை, ஹார்மோன், தூக்கம், மருந்து, வீட்டுச் சூழல் என்று பல காரணங்கள் அதற்கு உண்டு. நாற்பது வயதில் நான் கற்றுக்கொண்ட இந்தப் பாடத்தை நம் பிள்ளைகள் பதிமூன்று வயதிலேயே கேட்டால் நல்லது.

இந்தச் சிகிச்சையைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பவர்கள் இங்கே இருக்கிறார்கள் என்று ஒருங்கிணைப்பாளர் சொன்னார். இப்போது கை தூக்க வேண்டாம். மதிய உணவுக்குப் பிறகு மைதானத்தில் நடப்பேன். என்னோடு நடந்துகொண்டே கேளுங்கள். அந்தப் பதிவேட்டையும் கொண்டு வந்திருக்கிறேன்.